மாம்பலத்தில் உட்கார்ந்து பனி ஊர் கேபின் வரைவது எப்படி?

போன வருஷம் எனக்கு ஒரு வேலை வந்தது. வடக்கு நார்வேயில் ட்ரோம்சோ ஊருக்குப் பக்கம் ஒருவர் தன் நிலத்தில் மூன்று சின்ன கெஸ்ட் கேபின் கட்டுகிறார், அதற்கு பிளானும் செக்‌ஷனும் வேண்டும். நான் மேற்கு மாம்பலத்தில் மாடி அறையில் டிராயிங் போட்டுப் பிழைக்கிறவன். எனக்குத் தெரிந்த ஐஸ் மீன் மார்க்கெட்டில் இருப்பதுதான். எங்கே சறுக்கினேன் என்று எழுதி வைத்தால் அடுத்து இந்த மாதிரி வேலை எடுப்பவருக்கு உதவும். லேயர், ஸ்கேல் எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. சூரியனை இடம் மாற்றுங்கள்

ஸ்கெட்ச்அப் என்ற 3டி டிராயிங் சாஃப்ட்வேரில் புது ஃபைல் திறந்தால் அது அமெரிக்காவின் போல்டர் நகரத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். இடத்தை மாற்றாமல் நிழல் பார்ப்பது வீண் வேலை.

சென்னை வடக்கு அட்சரேகை 13 டிகிரியில் இருக்கிறது. மார்ச்சில் நடுப்பகல் வெயில் 77 டிகிரி உயரத்திலிருந்து மண்டையில் இறங்கும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை மதியச் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். அதனால்தான் நாம் எல்லாப் பக்கமும் சன்ஷேடு போடுகிறோம். ட்ரோம்சோவில் அதே மார்ச் மதியம் வெறும் 20 டிகிரி. ஜூனில்கூட 44 டிகிரியைத் தாண்டாது. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை சூரியன் எழுவதே இல்லை. நான் பழக்க தோஷத்தில் தெற்கு ஜன்னலுக்கு இரண்டடி சன்ஷேடு போட்டு அனுப்பினேன். "இது யாருக்கு?" என்று பதில் வந்தது.

ஜன்னல் தெற்கே பெரிதாக இருக்கட்டும், ஆனால் நாலு பக்கமும் கண்ணாடி வேண்டாம். மூன்று அடுக்குக் கண்ணாடி ஜன்னலின் யூ மதிப்பு (சூடு எவ்வளவு வேகமாக வெளியேறும் என்று சொல்லும் எண்) 0.8 வாக்கில் இருக்கும், நல்ல சுவரின் மதிப்பு 0.18. சுவரை விட நாலு மடங்குக்கு மேல் சூடு அந்த வழியாக ஓடிவிடும். கோடையில் நள்ளிரவிலும் வடக்கே சூரியன் நிற்கும், கட்டில் பக்கம் வெளிச்சம் புகாத திரைக்கு இடம் விடுங்கள்.

2. தரையைத் தொடாதீர்கள்

இங்கே முதல் வேலை ஜேசிபியைக் கூப்பிட்டு மண்ணை நிரவுவது. அங்கே அந்தப் பாசியும் குத்துச்செடியும் ஒருமுறை பிய்ந்தால் திரும்ப வளரப் பல வருஷம் ஆகும். நார்வேயிலேயே வால்டாலில் உள்ள யூவெட் ஹோட்டலின் படங்களைத் தேடிப் பாருங்கள். பாறையில் துளை போட்டு இரும்புத் தண்டுகளை நட்டு, அதன் மேல் அறைகளை உட்கார வைத்திருக்கிறார்கள். வெடி வைக்கவில்லை, நிரவவும் இல்லை.

பாறை கிடைக்காத இடத்தில் கவனம். மண்ணில் இருக்கும் ஈரம் உறையும்போது மண் மேலே தூக்கும், தூணும் கூடவே எழும்பும். உறைநிலை எவ்வளவு ஆழம் போகிறது என்று கேட்டு, அதற்குக் கீழே பூட்டிங்கை (தூணின் அடித்தளத்தை) இறக்குங்கள்.

3. சுவர் (நான் விழுந்த இடம்)

சென்னைக்காரனுக்குத் தண்ணீர் என்றால் வெளியிலிருந்து வரும் எதிரி. நவம்பர் மழையில் ஓதம் அடித்த சுவரைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால் பாலித்தீன் ஷீட்டை வெளிப்பலகைக்கு உட்புறமாக ஒட்டி, இன்சுலேஷனை (சூட்டை வெளியே விடாத பஞ்சை) அதற்குள்ளே வைத்து வரைந்தேன். மழைக்கோட்டைச் சட்டைக்கு மேலேதானே போடுவோம்? அந்த ஊர் ஆசாரி டிராயிங்கில் சிவப்பு வட்டம் போட்டு, இரண்டு வருஷத்தில் மரம் அழுகிவிடும் என்று எழுதி அனுப்பினார்.

எனக்கு அது புரிய ஒரு வாரம் ஆனது. புரிய வைத்தது எங்கள் வீட்டு ஏசி அறை ஜன்னல். ராத்திரி அதன் வெளிப்பக்கம் வியர்த்து ஒழுகும். நமக்கு ஈரக்காற்று வெளியே, குளிர்ச்சி உள்ளே. அங்கே அப்படியே தலைகீழ். 20 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டருக்குச் சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும், மைனஸ் 10 டிகிரிக் காற்றால் இரண்டரை கிராம்கூட முடியாது. விருந்தினர் குளித்து, சமைத்து, ஈரத்துணி காயப்போட்டதில் எழும் ஆவி சுவருக்குள் புகுந்து வெளியே போகப் பார்க்கும். வழியில் குளிர்ந்த ஷீட் மறித்தால் அங்கேயே தண்ணீராகிப் பஞ்சை நனைக்கும்.

சரியான வரிசை, உள்ளிருந்து வெளியே: உட்பலகை, 50 மிமீ இன்சுலேஷன், 0.2 மிமீ பாலித்தீன், 200 மிமீ இன்சுலேஷன், காற்றைத் தடுத்து ஆவியை விடும் ஷீட், காற்றோடும் இடைவெளி, கடைசியாக ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரப் பலகை. அந்த முதல் 50 மிமீ எதற்கு என்றால் வயரும் சுவிட்ச் பெட்டியும் அதற்குள் அடங்கிவிடும், ஷீட்டில் ஓட்டை விழாது. ஆனால் மொத்த இன்சுலேஷனில் கால் பங்குக்கு மேல் ஷீட்டுக்கு உட்புறம் வரக்கூடாது.

பெரிய சாஃப்ட்வேர் எதுவும் வாங்காதீர்கள். உபாகுஸ் என்ற இணையக் கருவியில் அடுக்குகளைக் கொடுத்தால் ஈரம் எங்கே சேரும் என்று படமாகவே காட்டும். எனக்கு அதுவும் பென்சிலும் போதும்.

4. கூரை

30 டிகிரி சரிவு வரை பனி பெரும்பாலும் கூரையிலேயே தங்கும். பாரத்தை அந்த ஊர் இன்ஜினியர் போடட்டும், நீங்கள் கணக்குப் போடாதீர்கள். புல் கூரை கேட்டால் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பாரம்பரிய முறையில் அதன் எடையே சதுர மீட்டருக்கு 250 கிலோ வாக்கில் வரும். வாசலைச் சரிவின் அடியில் வைக்காமல் முக்கோணச் சுவர்ப் பக்கம் வையுங்கள். இல்லையென்றால் கூரையில் சறுக்கும் பனி மொத்தமும் கதவைத் திறப்பவர் தலையில்தான்.

பின்னர் சேர்த்தது: கழிவறையை விட்டுவிட்டீர்களே என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். உண்மைதான். மக்கும் வகை டாய்லெட் போட்டால் தொட்டியைத் தரைக்கு அடியில் குளிரில் விடாதீர்கள், உறையும் குளிரில் எதுவும் மக்காது. சூடான அறைக்குள் தொட்டி, கூரை வரை நேராக ஒரு காற்றுக் குழாய். அந்தக் குழாய் பாலித்தீனைத் துளைக்கும் இடத்தில் ரப்பர் வளையமும் டேப்பும் போடச் சொல்லி டிராயிங்கிலேயே எழுதுங்கள். நான் எழுதவில்லை, அதற்கும் ஒரு சிவப்பு வட்டம் வாங்கினேன்.