சிறைப் பணி அனுபவத்துக்குக் கல்லூரி கிரெடிட்: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

தமிழ்நாட்டில் சிறைக் காவலராகவோ உதவி ஜெயிலராகவோ இருந்தவர்களும், இலங்கையில் சிறைச்சாலைத் திணைக்களத்தில் வேலை பார்த்தவர்களும் இங்கு வந்ததும் அந்த வாழ்க்கையை மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள். முதலில் கிடங்கு வேலை, பிறகு இரவுக் காவல் வேலை. சில ஆண்டுகள் கழித்துப் படிக்கலாம் என்று கல்லூரிக்குப் போனால், பள்ளி முடித்த பிள்ளைகளோடு முதல் செமஸ்டரில் உட்கார்ந்து தமக்குத் தெரிந்ததையே காசு கொடுத்துக் கேட்கிறார்கள். எல்லாப் பாடத்தையும் அப்படிக் கேட்க வேண்டியதில்லை.

ஒன்ராறியோவின் அரசுக் கல்லூரிகளில் முன்கற்றலை, அதாவது நீங்கள் ஏற்கெனவே கற்றதை, மதிப்பிட்டு கிரெடிட் தரும் ஏற்பாடு இருக்கிறது. கிரெடிட் கிடைத்தால் அந்தப் பாடத்தை முடித்ததாகவே கணக்கு. எல்லோரும் அதைப் பிளார் (PLAR) என்றே சொல்கிறார்கள். வெளிநாட்டுப் பட்டத்தை மதிப்பிடும் வெஸ் (WES) போன்ற நிறுவனங்களின் அறிக்கையோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவை உங்கள் படிப்பைப் பார்க்கும், வேலையைப் பார்க்காது. கல்லூரியில் படித்த பாடத்தை இன்னொரு கல்லூரிக்கு மாற்றுவதும் வேறு நடைமுறை. வகுப்பறைக்கு வெளியே கற்றதற்குப் பிளார்தான் வழி. பாடத்தைப் பொறுத்து ஒரு தேர்வு எழுதச் சொல்வார்கள், அல்லது போர்ட்ஃபோலியோ எனப்படும் ஆவணத் தொகுப்பைக் கேட்பார்கள்.

கல்லூரி டிப்ளமா உங்களுக்கு உண்மையிலேயே வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சிறை அதிகாரி வேலைக்கு விண்ணப்பிக்க ஒன்ராறியோ மாகாணமும் கனடிய மத்திய அரசும் கேட்கும் அடிப்படைக் கல்வி பள்ளி இறுதிச் சான்று அல்லது அதற்கு இணையானதுதான். தேர்வானவர்களுக்கு அவர்களே பயிற்சி கொடுப்பார்கள். கல்லூரி கிரெடிட் அந்தப் பயிற்சிக்கு விலக்குத் தராது. நன்னடத்தை அலுவலர் (புரொபேஷன் ஆபீசர்) ஆக விரும்புகிறவர்களுக்குப் பல்கலைக்கழகப் பட்டம் தேவைப்படும். ஆனால் விடுதலையானவர்களோடு வேலை செய்யும் ஜான் ஹவர்ட் சொசைட்டி போன்ற அமைப்புகளுக்கோ, சிறையிலிருந்து வந்தவர்கள் சில காலம் தங்கும் இடைத்தங்கல் இல்லங்களுக்கோ வேலைக்குப் போக நினைத்தால், ஹம்பர் முதலிய கல்லூரிகள் நடத்தும் ‘கம்யூனிட்டி அண்ட் ஜஸ்டிஸ் சர்வீசஸ்’ என்ற ஈராண்டு டிப்ளமா கைகொடுக்கும். பிளார் இங்கேதான் பயன்படும்.

இதில் நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மதிப்பீட்டாளர் உங்கள் சர்வீஸை எண்ணுவதில்லை. “பதினைந்து ஆண்டுகள் மத்திய சிறையில் பணியாற்றினேன், ஒரு மெமோ கூட வாங்கியதில்லை” என்று எழுதினால் அதற்கு ஒரு கிரெடிட்டும் வராது. பாடத்தின் விளக்கக் குறிப்பைக் கல்லூரியிடம் கேட்டு வாங்குங்கள். பாடத்தை முடித்த மாணவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அதில் வரிவரியாக இருக்கும். அந்த வரி ஒவ்வொன்றுக்கும் நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

நெருக்கடியில் தலையிடுவது பற்றிய பாடம் என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வந்த விசாரணைக் கைதி சிறையில் கழித்த முதல் நாள் இரவைப் பற்றி எழுதுங்கள். மனு போட்டுப் பார்க்க உறவினர் யாரும் வரவில்லை, சாப்பாட்டைத் தொடவில்லை, பேச்சுக் கொடுத்தால் சுவரைப் பார்க்கிறார். நீங்கள் எதைக் கவனித்தீர்கள், எதை அபாயம் என்று நினைத்தீர்கள், துண்டையும் கயிற்றையும் அப்புறப்படுத்தினீர்களா, டாக்டருக்கு எப்போது தகவல் சொன்னீர்கள், பதிவேட்டில் என்ன எழுதினீர்கள், அடுத்த ஷிப்டுக்கு எப்படி ஒப்படைத்தீர்கள்? பிறகு முக்கியமானது: இன்று அதே நிலைமை வந்தால் எதை மாற்றிச் செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதியவரைத்தான் மதிப்பீட்டாளர் கற்றவர் என்று ஏற்றுக்கொள்வார். அதட்டி அடக்கிய கதைகளை வீரமாக எழுதாதீர்கள். இங்கு அவை உங்களுக்கு எதிராகவே போகும்.

அறிக்கை எழுதுதல், நேர்காணல் செய்தல், குழுக்களைக் கையாளுதல், மோதலைத் தணித்தல் போன்ற பாடங்களுக்கு முயன்று பார்க்கலாம். சட்டப் பாடங்களை விட்டுவிடுங்கள். 1894ஆம் ஆண்டின் சிறைகள் சட்டமும் 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறை விதிகளும் மனப்பாடமாகத் தெரிந்தாலும் இங்கு அவை செல்லாது. இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் தண்டனை பெற்றவர்கள் மத்திய அரசின் சிறைக்கும், குறைந்த தண்டனை பெற்றவர்களும் விசாரணைக் கைதிகளும் மாகாணச் சிறைக்கும் போகும் நாடு இது. மத்திய அரசின் சிறைகள் 1992ஆம் ஆண்டின் கனடியச் சட்டத்தின் கீழ் நடக்கின்றன. தனிமைச் சிறை தொடர்பான விதிகள் 2019இல் மாறின. மத்திய அரசின் சிறைகளில் இருப்பவர்களில் 30 சதவீதத்துக்கும் மேலானோர் பூர்வகுடி மக்கள். மக்கள்தொகையில் அவர்கள் சுமார் 5 சதவீதம்தான். இது ஏன் என்று புரியாமல் இங்கு இந்தத் துறையில் வேலை செய்ய முடியாது. ஊர் அனுபவம் இதைச் சொல்லித் தராது, வகுப்பில் உட்கார்ந்துதான் கற்க வேண்டும்.

ஆதாரங்களை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே சேர்க்க முடிந்தால் நல்லது. நியமன ஆணை, பதவி உயர்வு ஆணை, வேலூர் சிறை நிர்வாகப் பயிற்சி நிலையம் போன்ற இடங்களில் முடித்த பயிற்சிச் சான்றுகள் எல்லாம் வேண்டும். பயிற்சியின் பாடத்திட்டம் கிடைத்தால் அதையும் விடாதீர்கள். மேலதிகாரியின் கடிதத்தில் நன்னடத்தைப் புகழுரையை விட நீங்கள் செய்த வேலையின் விவரம் இருக்கட்டும். தமிழிலோ சிங்களத்திலோ உள்ளவற்றைச் சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். கைதியின் பெயர், வழக்கு எண், சிறையின் உள்ளமைப்பு, துறையின் உள் ஆவணங்களின் நகல் ஆகியவற்றைத் தொகுப்பில் வைக்கவே கூடாது. ரகசியம் காக்கத் தெரியாதவர் என்ற பெயர் இந்தத் துறையில் ஒருவரை முடித்துவிடும்.

கட்டணம் பாடத்துக்குப் பாடம் தனியாக உண்டு, வெற்றி பெறாவிட்டாலும் திரும்பக் கிடைக்காது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். பாடம் தொடங்கிய பிறகு கேட்பதைவிடச் சேர்க்கைக் கடிதம் வந்த கையோடு கேட்பதே சரி. ஏற்கெனவே எடுத்துத் தோற்ற பாடத்துக்குப் பெரும்பாலும் பிளார் தரமாட்டார்கள். டிப்ளமாவில் குறைந்தது நான்கில் ஒரு பங்கை அந்தக் கல்லூரியிலேயே படிக்க வேண்டும் என்பது பெரும்பாலான கல்லூரிகளின் விதி.

ஓசாப் (OSAP) எனப்படும் ஒன்ராறியோ அரசின் மாணவர் நிதியுதவியில் படிப்பவர்கள் ஒரு கணக்குப் போட வேண்டும். முழுநேர மாணவருக்கு முழுப் பாடச்சுமையில் 60 சதவீதமாவது இருக்க வேண்டும். கிரெடிட் கிடைத்த பாடங்கள் கழிந்து அதற்குக் கீழே இறங்கினால் முழுநேர உதவி போய்விடும். மாணவர் விசாவில் வந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. முழுநேரத் தகுதி இடையில் குறைந்தால் படிப்புக்குப் பிறகு கிடைக்கக்கூடிய வேலை அனுமதியே சிக்கலாகலாம். அவர்கள் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் பதில் வாங்கிய பிறகே பிளார் படிவத்தில் கையெழுத்திட வேண்டும்.