வேலையில் சேர்ந்த கையோடு வீட்டுக் கடன்: புது டாக்டர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் டியூட்டி அறையில் ஒரு ஜூனியர் டாக்டர் ஃபோனை என் முன்னால் நீட்டினாள். "அக்கா, லோன் சாங்ஷன் ஆயிடுச்சு. வீட்டு விலை முழுசும் அவங்களே தர்றாங்க, நான் கையிலேர்ந்து ஒண்ணும் போட வேண்டாமாம்." மேற்படிப்பு முடித்து நான்கு மாதம்தான் ஆகிறது. அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பத்து வருடத்துக்கு முன்னால் அதே மாதிரி ஒரு கடிதத்தை நானும் எல்லாரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தேன். இந்த வருடம் இப்படி என்னிடம் வந்தவர்களில் அவள் மூன்றாவது ஆள்.

நாலு இடத்தில் வட்டி விசாரியுங்கள், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

மூன்று வருட வேலையை நம்பி இருபது வருடக் கடன்

இதைத்தான் நான் செய்தேன். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

அப்போது எனக்கு மூன்று வருட ஒப்பந்தப் பணி. கடன் கொடுப்பவர்களுக்கு டாக்டர்கள் என்றால் தனி நம்பிக்கை. இன்றைய சம்பளம் குறைவாக இருந்தாலும் வருடா வருடம் ஏறும், வேலை இல்லாமல் உட்கார மாட்டார்கள் என்று கணக்குப் போடுவார்கள். அதனால் மற்றவர்களிடம் கண்டிப்பாகக் கேட்கிற முன்பணத்தைச் சில இடங்களில் நம்மிடம் குறைத்துக்கொள்வார்கள், அல்லது கேட்கவே மாட்டார்கள். என்னிடம் பட்டச் சான்றிதழ் கேட்டார்கள், மருத்துவப் பதிவு எண் கேட்டார்கள், சம்பளச் சீட்டு கேட்டார்கள். மூன்று வருடம் கழித்து இந்த ஊரில் இருப்பீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒப்பந்தம் முடிகிற நேரத்தில், நான் ஆசைப்பட்ட பிரிவில் வேறு ஊரில் வேலை கிடைத்தது. சரி, வீட்டை விற்றுவிட்டுப் போகலாம் என்று கடன் கணக்கை எடுத்துப் பார்த்தேன்.

கடன் 1,00,000, வட்டி 8.5 சதவீதம், காலம் 20 வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடன் இதைப்போல எத்தனை மடங்கோ அத்தனையால் பெருக்கிக்கொள்ளலாம். மாதத் தவணை சுமார் 868. முதல் தவணையில் 708 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 160 தான். மூன்று வருடத்தில் நீங்கள் கட்டியிருப்பது 31,200க்கு மேல். அசல் குறைந்திருப்பதோ 6,500 அளவுக்கு.

முப்பத்தாறு தவணையில் ஒன்றைக்கூட நான் தவறவிட்டதில்லை. அப்படியும் கடன் கிட்டத்தட்ட அப்படியே நின்றது. விற்றால் தரகு, கடனை முன்கூட்டியே முடிப்பதற்குக் கட்டணம். வாங்கும்போது பதிவுக்குச் செலவழித்தது போனது போனதுதான். வீட்டு விலையும் அந்த மூன்று வருடத்தில் அசையவில்லை. முன்பணம் போடாமல் வாங்கியதால், விற்றால் கையிலிருந்து பணம் போட்டுத்தான் கடனை முடிக்க வேண்டும் என்ற நிலைமை. வாடகைக்கு விட்டேன். வந்த வாடகை தவணையில் பாதிக்குக்கூடக் காணவில்லை. புது ஊரில் நான் இன்னொருவருக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்படி நான்கு வருடம் ஓடியது.

"வாடகை கொடுத்தா காசு வீணாப் போகுது" என்று உங்களுக்கும் வீட்டில் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். அந்த 708ம் திரும்பி வராத காசுதான். அதோடு வீட்டு வரி, பராமரிப்பு, ரிப்பேர் எல்லாம் சொந்தக்காரர் தலையில். குறைந்தது ஐந்து வருடமாவது அதே ஊரில் இருப்பேன் என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால் வாடகைக்கே இருங்கள். ஃபெலோஷிப் (மேற்படிப்புக்குப் பிறகான சிறப்புப் பயிற்சி) போகலாமா என்று யோசிப்பவர்கள், கல்யாணம் நிச்சயமாகி இன்னொருவரின் வேலை எங்கே அமையும் என்று தெரியாதவர்கள், கண்டிப்பாக.

ஏறப்போகிற சம்பளத்தை இன்றே செலவழிப்பது

ஆரம்பத்தில் குறைந்த தவணை, சம்பளம் ஏற ஏறத் தவணையும் ஏறும் என்று ஒரு வகைக் கடன் உண்டு. முதல் சில வருடம் வட்டி மட்டும் கட்டினால் போதும் என்பது இன்னொரு வகை. இரண்டும் புது டாக்டருக்கென்றே செய்தது போலத் தோன்றும். மேலே சொன்ன கணக்கில் உங்கள் தவணை 708க்குக் கீழே இருந்தால், கட்டாத வட்டி அசலோடு சேர்ந்து கடன் மாதாமாதம் வளரும். வட்டி மட்டும் கட்டினால் அசல் இம்மிகூட நகராது. கையெழுத்துப் போடும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: முதல் வருட முடிவில் நான் பாக்கி வைத்திருக்கும் தொகை எவ்வளவு? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

மாறும் வட்டியில் தவணையை மட்டும் பார்ப்பது

வட்டி ஏறும்போது தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டிவிடுவது பல இடங்களில் வழக்கம். சம்பளத்திலிருந்து பிடிக்கிற தொகை மாறாததால் நமக்குத் தெரியவே தெரியாது. அதே 868 தவணையில், கடன் வாங்கிய புதிதிலேயே வட்டி 8.5லிருந்து 9.5 ஆனால், 20 வருடக் கடன் 25 வருடம் 8 மாதத்தைத் தாண்டிவிடும். வருடத்துக்கு ஒரு முறை இன்னும் எத்தனை மாதம் பாக்கி என்று பாருங்கள். முடிந்தால் தவணையைக் கூட்டச் சொல்லுங்கள்.

வட்டி மாறாத கடன் என்றால் எத்தனை வருடத்துக்கு மாறாது என்று கேளுங்கள். சிலவற்றில் இரண்டு, மூன்று வருடம்தான்.

எக்ஸ்ட்ரா டியூட்டி பணத்தைச் சேர்த்துக் கணக்குப் போடுவது

வேண்டாம். பிரசவ விடுப்பிலும் முதுகுவலியிலும் முதலில் நின்றுபோவது அந்த வருமானம்தான்.

படிப்புக் கடனை மறைப்பது

கடன் வரலாற்றைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கிளினிக் வைக்க அதே வீட்டை அடமானம் வைப்பது

கிளினிக் சூடுபிடிக்க எவ்வளவு நாளாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த நாளெல்லாம் வீட்டுத் தவணையும் கிளினிக் தவணையும் சேர்ந்து வரும். எனக்குத் தெரிந்த ஒரு டாக்டர் இரண்டையும் ஒரே வருடத்தில் தொடங்கி, பகலில் தன் கிளினிக்கில் காத்திருந்து, ராத்திரியெல்லாம் அடுத்தவர் மருத்துவமனையில் டியூட்டி பார்த்தார்.

அந்த ஜூனியரிடம் ஒப்பந்தம் எத்தனை வருடம் என்று கேட்டேன். இரண்டு என்றாள். மேலே உள்ள கணக்கை ஒரு பழைய கேஸ் ஷீட்டின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன். அதை மடித்து வெள்ளைக் கோட் பையில் வைத்துக்கொண்டு வார்டுக்குப் போனாள். இன்னும் கையெழுத்துப் போடவில்லை.