தடித்த சுவர் என்றால் பிபிதானா? எக்கோவில் நாம் கோட்டை விடும் இடங்கள்

போன வாரம், புதிதாகச் சேர்ந்த மருத்துவர் ஒருவர் பத்தே நிமிடத்தில் எக்கோவை (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் பரிசோதனை) முடித்து, "இடது கீழறைச் சுவர் தடிப்பு, இரத்த அழுத்தத்தால் வந்த இதய நோய், பம்பிங் 60 சதவீதம்" என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினார். பம்பிங் என்றால் ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை வெளியே தள்ளும் இரத்தத்தின் பங்கு; 60 என்றால் நல்ல அளவு. எனக்குச் சுருக்கென்றது. ஏறக்குறைய அதே சொற்களை நானும் ஒரு காலத்தில் எழுதி, அதற்கான பலனை இன்னொருவர் அனுபவித்திருக்கிறார்.

ஜெல் போதாமல் தடவுவது, ஈசிஜி ஒயரை மாற்றி ஒட்டுவது எல்லாம் நாலு நாளில் தானாகச் சரியாகிவிடும். வேறொரு நோயோடு வந்தவரின் இதயத்தைப் பார்க்கும்போது செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

சீட்டைப் படிக்காமல் புரோப்பை எடுப்பது

சீட்டில் "எக்கோ" என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கிறதா? அனுப்பியவருக்கு போன் போட்டுக் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

தடித்த சுவரையெல்லாம் பிபி கணக்கில் எழுதுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

வந்தவருக்கு வயது எழுபதை நெருங்கியிருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மாலையில் கால் வீங்குகிறது என்றார். இருபது வருடமாக பிபி. எக்கோவில் சுவர் 16 மில்லிமீட்டர். 12-ஐத் தொட்டாலே தடிப்பு என்றுதான் எழுதுவோம். பிபி இருக்கிறது, சுவர் தடித்திருக்கிறது, அப்புறம் என்ன? எழுதி அனுப்பிவிட்டேன்.

அன்று அவருடைய பிபி 104/70. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்று மாத்திரைகளை நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருந்தது. நான் கேட்கவில்லை. கோப்பில் இருந்த ஈசிஜியில் அலைகள் எறும்பு ஊர்ந்த தடம்போலச் சின்னதாக இருந்தன. புரட்டிப் பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேல், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து இடது கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னதே நான்தான். உள்ளங்கையின் அடியில் இருந்த அறுவைத் தழும்பு என் மூக்குக்கு நேராக இருந்தது. மணிக்கட்டில் நரம்பு நெரிபடும் கார்பல் டனல் தொல்லைக்காக, சில வருடங்களுக்கு முன் இரண்டு கைகளிலும் செய்துகொண்டது அது.

என் அறிக்கையை நம்பி வேறோர் இடத்தில், இதயத் துடிப்பை மந்தமாக்கும் பிபி மருந்தான டில்டியாசெம் கொடுத்திருக்கிறார்கள். கால் வீக்கம் முழங்காலைத் தாண்டியது, நாடி 40-க்கு இறங்கியது. ஒன்றரை வருடம் கழித்துத் திரும்பி வந்தபோதுதான், டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம் இதயத்தில் படியும் அமிலாய்டோசிஸ் என்று தெரிந்தது. அதே புரதம் மணிக்கட்டிலும் படியும். இதயம் தளர்வதற்குப் பல வருடங்களுக்கு முன்பே கை மரத்துப்போவது உண்டு.

பிபியோடு மல்லுக்கட்டித் தடித்த சுவர் முழுக்கத் தசை. அதன் மின்னலைகள் பெரும்பாலும் உயரமாக இருக்கும். அமிலாய்டில் தசைச் செல்களுக்கு நடுவே புரதம் அடைந்து கிடக்கிறது. புரதத்துக்கு ஏது மின்சாரம்? எக்கோவில் சுவர் தடிமன், ஈசிஜியில் அலை குட்டை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். ஈசிஜி சாதாரணமாக இருப்பவர்களும் உண்டு என்பதால் அதை மட்டும் நம்பவும் முடியாது. வலது கீழறைச் சுவர், மேலறைகளுக்கு இடையிலுள்ள தடுப்பு, வால்வு இதழ்கள் எல்லாம் சேர்ந்து தடித்திருக்கின்றனவா? இரண்டு மேலறைகளும் பெருத்து, இதயத்தைச் சுற்றி மெலிதாக நீர் கட்டியிருக்கிறதா? மைட்ரல் வால்வின் வளையத்தில் தசை அசையும் வேகம் (டிஷ்யூ டாப்ளர்) நொடிக்கு 5 சென்டிமீட்டருக்குக் கீழே கிடக்கிறதா? தசை எவ்வளவு சுருங்குகிறது என்று அளக்கும் ஸ்ட்ரெயின் போட்டால், வட்டப் படத்தின் நடுவில் நுனி மட்டும் நல்ல சிவப்பாக, சுற்றிலும் வெளுத்துப்போயிருக்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

எக்கோ சந்தேகத்தை எழுப்பும், முடிவைச் சொல்லாது. "தடிப்பு ஈசிஜியோடு பொருந்தவில்லை, அமிலாய்டுக்குப் பரிசோதிக்கவும்" என்று எழுதினால் போதும். டிரான்ஸ்தைரெட்டின் படிவைக் காட்டும் எலும்பு ஸ்கேனோடு, லைட் செயின் என்ற இன்னொரு புரதத்தைப் பார்க்க இரத்தமும் சிறுநீரும் கட்டாயம் போக வேண்டும். எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் லைட் செயின் வகையும் சிலருக்கு ஸ்கேனில் ஒளிரும். அந்த வகைக்குச் சிகிச்சை வேறு, அவகாசமோ மிகக் குறைவு.

பம்பிங் 60 என்றதும் நிம்மதி அடைவது

அந்தப் பெரியவருக்கும் 60தான்.

கீமோவுக்கு முன் ஒரு முறை, பின் வேறு முறை

இதயத்தைப் பாதிக்கக்கூடிய டாக்சோரூபிசின், டிராஸ்டுசுமாப் போன்ற புற்றுநோய் மருந்துகளுக்கு முன் பம்பிங்கைக் கண்மதிப்பாக 62 என்று எழுதியிருப்பார்கள். மூன்று மாதம் கழித்து வேறொருவர் சிம்ப்சன் முறையில் (கீழறையின் உள் ஓரத்தை வரைந்து கொள்ளளவைக் கணக்கிடுவது) அளந்து 53 என்பார். இதயம் கெட்டதா, அளவுகோல் மாறியதா என்று யாரால் சொல்ல முடியும்? இந்தக் குழப்பத்தில் புற்றுநோய் மருந்து தள்ளிப்போகும். முதல் நாளே சிம்ப்சனில் அளந்து, ஸ்ட்ரெயினும் போட்டுவையுங்கள். அடுத்த முறையும் அதே கருவி. ஸ்ட்ரெயின் முதல் அளவிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால், பம்பிங் நன்றாக இருந்தாலும் அனுப்பியவரிடம் பேசுங்கள்.

டவுன் சின்ட்ரோம் குழந்தைக்கு ஸ்டெதாஸ்கோப்பில் சத்தமில்லை என்று விட்டுவிடுவது

கூடாது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் குறை உண்டு. பிறந்த புதிதில் நுரையீரல் அழுத்தம் அதிகம். பெரிய ஓட்டைகூடச் சத்தம் போடாது.

டயாலிசிஸுக்குப் போகிற வழியில் எக்கோ

இரண்டு நாள் நீர் உடம்பில் நிற்கும். நுரையீரல் அழுத்தம் ஏறித் தெரியும், வால்வுக் கசிவு பெரிதாகத் தெரியும். நீர் எடுத்த மறுநாள் வரச் சொல்லுங்கள்.

அந்தப் புதிய மருத்துவரின் நோயாளி இன்னும் வெளியே பெஞ்சில்தான் இருந்தார். இருவரும் போய்ப் பார்த்தோம். பிபி 170/100, ஈசிஜி அலைகள் பனைமரம்போல உயரம், மணிக்கட்டில் கீறல்கூட இல்லை. அவர் எழுதியது சரிதான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.