நெஞ்செரிச்சல்: உணவை ஒதுக்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்

நெஞ்செரிச்சல் அடிக்கடி வர ஆரம்பித்ததும் பலரும் செய்கிற முதல் வேலை, சாப்பாட்டில் ஒவ்வொன்றாகக் கைவிடுவது. காரம் வேண்டாம், புளிப்பு வேண்டாம், காபி வேண்டாம், தக்காளி வேண்டாம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். சாப்பிட உட்காரவே பயமாகிவிடும். ஆனாலும் இரவு படுத்த கொஞ்ச நேரத்தில் அதே எரிச்சல், தொண்டை வரை ஏறி வரும் அதே புளிப்பு. இப்படி அவதிப்படுகிறவர்களைப் பார்க்கும்போது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். வரிசையில் கடைசியாக வர வேண்டியதை முதலில் செய்து களைத்துப் போயிருப்பார்கள்.

இங்கே வரிசையைத் திருப்பிப் போடுகிறேன். முதலில் சாப்பிடும் நேரம், அடுத்து அளவு, அடுத்து படுக்கும் விதம். எந்த உணவை விடுவது என்ற கேள்வி அதற்கப்புறம்தான்.

தொடங்கும் முன்

நெஞ்சை அழுத்துவது போன்ற வலி, அது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது, கூடவே வியர்வை, மூச்சுத் திணறல் என்று வந்தால் "அசிடிட்டிதான்" என்று நீங்களே முடிவு கட்டி உட்கார்ந்திருக்காதீர்கள். மாரடைப்பும் இப்படித்தான் வரும். உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

விழுங்கும்போது உணவு சிக்கிக்கொள்வது, விழுங்கினால் வலி, காரணமில்லாமல் எடை குறைவது, விடாத வாந்தி, வாந்தியில் ரத்தம், மலம் கன்னங்கரேலென்று போவது, ரத்தசோகை. இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு முயற்சிகளைத் தள்ளிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இவை இல்லாமல், சாப்பிட்ட பிறகோ படுத்த பிறகோ நெஞ்சு எரிகிறது, புளித்த ஏப்பம் வருகிறது, உணவு எதுக்களிக்கிறது என்றால் மேலே படியுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் வளையமாக ஒரு தசை இருக்கிறது. சுருக்குப் பையின் வாயைப் போல, உணவு இறங்கும்போது விரிந்து, இறங்கியதும் இறுகிக்கொள்ளும். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே தடுப்பாக இருக்கும் தசையான உதரவிதானமும் அந்த இடத்தை வெளியிலிருந்து இறுக்கிப் பிடிக்கிறது. விழுங்காத நேரத்திலும் இந்தத் தசை இடையிடையே தானாகத் தளரும்; ஏப்பம் வெளியேறுவதே அப்படித்தான். இரைப்பையின் மேல்பகுதி உப்பி விரிந்தால் இந்தத் தளர்வு அடிக்கடி நடக்கும். அப்போது அமிலமும் சேர்ந்து மேலே வரும்.

வெறும் வயிற்றில் இரைப்பை அமிலத்தின் பிஎச் அளவு (இந்த எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) சுமார் 1.5 முதல் 3.5 வரை. அதைத் தாங்க இரைப்பையின் உட்சுவரில் கெட்டியான சளிப்படலம் உண்டு. உணவுக்குழாய்க்கு அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை. மேலே ஏறிய அமிலத்தை ஈர்ப்புவிசையும் குழாயின் அலை அசைவும் கீழே இறக்குகின்றன; மிச்சத்தை நாம் விழுங்கும் உமிழ்நீர் நடுநிலையாக்குகிறது. தூக்கத்தில் இந்த உதவிகள் எல்லாமே குறைந்துவிடும். படுத்திருப்பதால் ஈர்ப்புவிசை உதவாது, விழுங்குவது அரிதாகிவிடும், உமிழ்நீர் சுரப்பும் வெகுவாகக் குறையும். பகலில் சில நிமிடத்தில் இறங்கிவிடும் அமிலம் இரவில் நெடுநேரம் அங்கேயே தங்கிப் புண்ணாக்குகிறது. அதனால்தான் நான் இரவிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

படி 1: ஒரு வாரம் எழுதிவையுங்கள்

எதையும் மாற்றாமல் ஒரு வாரம் குறிப்பு எடுங்கள். சாப்பிட்ட நேரம், அளவு, படுத்த நேரம், எரிச்சல் வந்த நேரம். இவ்வளவு போதும். ஒரு நாள் குறிப்பு இப்படி இருக்கலாம்:

செவ்வாய். இரவு 9.45, வயிறு முட்டச் சாப்பாடு. பிறகு ஒரு காபி. 10.30 படுக்கை. 11.50 எரிச்சலில் விழிப்பு, வாயில் புளிப்பு. வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தேன்.

இதைப் படித்ததும் பழி காபி மேல் போகும். ஆனால் நேரத்தைப் பாருங்கள். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே முக்கால் மணி நேரம்தான். வயிறு நிறைய, படுத்த நிலை, அதுவும் வலது பக்கம். காபி இல்லாவிட்டாலும் அந்த இரவு எரிந்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. இந்த மாதிரி விஷயங்கள் நினைவில் நிற்காது, எழுதினால்தான் கண்ணில் படும்.

படி 2: இரவுச் சாப்பாட்டை முன்னுக்குக் கொண்டுவாருங்கள்

சாப்பிட்டு முடித்ததற்கும் படுப்பதற்கும் இடையே 3 மணி நேரம் இருக்கட்டும். 2 மணி நேரத்துக்குக் கீழே எந்த நாளும் போக வேண்டாம். திட உணவு இரைப்பையை விட்டுப் பெரும்பாலும் வெளியேற ஏறத்தாழ 4 மணி நேரம் ஆகலாம். கொழுப்பு அதிகமிருந்தால் இன்னும் தாமதமாகும். 3 மணி நேரத்தில் வயிறு முழுக்கக் காலியாகாவிட்டாலும் அழுத்தம் நன்றாகக் குறைந்திருக்கும்.

ஒரேயடியாக மாற்றினால் நிலைக்காது. இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை அரை மணி நேரம் முன்னால் நகர்த்துங்கள். வேலை முடிந்து வரவே தாமதம் என்கிறவர்கள், முக்கியமான சாப்பாட்டை வேலையிடத்திலேயே மாலையில் முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் எண்ணெய் இல்லாத ஏதாவது கொஞ்சமாகச் சாப்பிடலாம்.

அந்த 3 மணி நேரத்தில் கொறிப்பதும் கணக்கில் சேரும். படுக்கும் முன் ஒரு டம்ளர் பால் குடித்தால் எரிச்சல் அடங்கும் என்று நம்பிக்கை உண்டு. உடனே இதமாக இருப்பது உண்மைதான். ஆனால் பாலில் உள்ள புரதமும் கால்சியமும் பிறகு அமிலச் சுரப்பைத் தூண்டும். கொழுப்புள்ள பால் என்றால் வயிறு காலியாவதும் தாமதமாகும். தண்ணீர் சில மடக்கு குடியுங்கள், போதும்.

மதியத் தூக்கத்துக்கும் இதே விதிதான். சாப்பிட்ட உடனே கண் சொக்கினால் நாற்காலியில் சாய்ந்து ஓய்வெடுங்கள். மல்லாந்து படுக்க வேண்டாம்.

படி 3: அளவைக் குறையுங்கள்

ஒரு வேளையின் அளவைத்தான் சொல்கிறேன், நாள் முழுக்கச் சாப்பிடுவதை இல்லை. வயிறு விரிய விரியத் தசை தளரும் என்று மேலே பார்த்தோம். "இன்னும் கொஞ்சம் சாப்பிடலாம்" என்று தோன்றும்போதே எழுந்துவிடுங்கள். நாளின் பெரிய சாப்பாடு மதியத்தில் இருக்கட்டும். மென்று, நிதானமாகச் சாப்பிடுங்கள். அவசரமாக விழுங்கும்போது காற்றும் உள்ளே போய் ஏப்பமாகத் திரும்பும். கேஸ் நிரப்பிய குளிர்பானங்கள் வயிற்றை உப்ப வைப்பதால் சாப்பாட்டோடு வேண்டவே வேண்டாம்.

சாப்பிட்ட பின் மெதுவாக நடப்பது நல்லது. குனிந்து பெருக்குவது, துணி துவைப்பது, பாரம் தூக்குவது, வயிற்றுத் தசைக்கான உடற்பயிற்சி எல்லாம் குறைந்தது 2 மணி நேரம் கழித்து. சர்க்கரை இல்லாத சூயிங்கத்தை அரை மணி நேரம் மெல்லுவதும் உமிழ்நீரைப் பெருக்கி உதவும். புதினா வாசனை உள்ளதைத் தவிர்த்துவிடுங்கள், ஏனென்று படி 5-இல் வருகிறது.

படி 4: படுக்கையைச் சரிசெய்யுங்கள்

இரவில் எரிச்சலோ, புளிப்போ, விழிக்க வைக்கும் இருமலோ இருப்பவர்களுக்கு இந்தப் படி. பகலில் மட்டும் தொல்லை என்றால் தாண்டிப் போகலாம்.

பெரும்பாலானோர் இரண்டு மூன்று தலையணைகளை அடுக்குகிறார்கள். அது தலையை மட்டும் தூக்கி, உடம்பை இடுப்பில் மடக்கிவிடும். வயிறு அழுந்துவதால் நிலைமை மோசமாகவும் செய்யலாம். உயர வேண்டியது தலை மட்டுமல்ல. மார்பும் சேர்ந்து சரிவாக உயர வேண்டும்.

கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் கீழே 15 முதல் 20 செ.மீ. உயரமுள்ள உறுதியான மரக்கட்டைகளை வையுங்கள். கால் வழுக்கி விலகாதபடி கட்டையின் நடுவில் குழி இருந்தால் பாதுகாப்பு. வைத்ததும் கட்டிலை ஒருமுறை பலமாக ஆட்டிப் பார்த்துவிட்டுப் படுங்கள். கட்டில் தோதுப்படாது, அல்லது தரையில் படுக்கிறவர் என்றால், இடுப்புக்கு மேலே முழு முதுகையும் தாங்கும் முக்கோண நுரைத் தலையணை கிடைக்கிறது. முதல் சில நாள் கால் பக்கம் சறுக்குவது போலிருக்கும், பழகிவிடும்.

அடுத்தது, இடது பக்கம் படுப்பது. இரைப்பையின் பெரும்பகுதி உடலின் இடப்பக்கம் இருக்கிறது. இடது பக்கம் ஒருக்களித்தால் அமிலம் அந்தப் பள்ளத்தில் தேங்கி, உணவுக்குழாயின் வாய் அதற்கு மேலே நிற்கும். வலது பக்கம் படுத்தால் நேர்மாறு. தூக்கத்தில் புரள்வதைத் தடுக்க முதுகுக்குப் பின்னால் நீளமான தலையணை ஒன்றை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். செலவில்லாத மாற்றங்களில் எனக்கு மிகவும் நம்பிக்கை உள்ளது இதுதான்.

படி 5: இப்போது உணவுக்கு வருவோம்

மேலே சொன்னதை இரண்டு மூன்று வாரம் ஒழுங்காகச் செய்தாலே பலருக்குப் பாதித் தொல்லை அடங்கும். மிச்சம் இருப்பதற்கு மட்டும் உணவைச் சந்தேகப்படுங்கள். எல்லோருக்கும் பொதுவான தடைப்பட்டியல் கிடையாது. உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதது இன்னொருவருக்கு எதுவும் செய்யாது.

முதலில் சந்தேகப்பட வேண்டியது கொழுப்பு. எண்ணெயில் பொரித்தது, நெய்யும் வெண்ணெயும் மிகுந்தது வயிற்றில் அதிக நேரம் தங்கும். சாக்லேட், புதினா, மது ஆகியவை அந்த வளையத் தசையைத் தளர்த்தக்கூடியவை. தக்காளி, எலுமிச்சை, ஆரஞ்சு போன்றவை ஏற்கெனவே புண்பட்ட உணவுக்குழாயை உறுத்தும். மிளகாயின் காரம் அங்குள்ள நரம்புகளை நேரடியாகத் தூண்டி எரிச்சலை உணர வைக்கும். பச்சை வெங்காயமும் காபியும் சிலருக்கு ஆகாது, சிலருக்கு ஒன்றுமே ஆகாது.

சோதிக்கும் முறை எளிது. சந்தேகம் அதிகமுள்ள ஒன்றை மட்டும் இரண்டு வாரம் நிறுத்துங்கள். குறிப்பேட்டில் மாற்றம் தெரிகிறதா பாருங்கள். பிறகு அதே உணவைப் பகல் வேளையில், மிதமான அளவில் திரும்பச் சாப்பிட்டுப் பாருங்கள். எரிச்சல் திரும்பினால் அதுதான் காரணம். திரும்பாவிட்டால் தயவுசெய்து அதை உங்கள் தட்டுக்குத் திருப்பிக் கொடுங்கள். ஒரே சமயத்தில் ஐந்தை நிறுத்தினால் எது காரணம் என்று தெரியவே தெரியாது.

படி 6: வயிற்றின் மேல் இருக்கும் அழுத்தம்

உடல் எடை கூடுதலாக, குறிப்பாக வயிற்றுப் பகுதியில் சதை போட்டிருந்தால், எடையைக் குறைப்பது எதுக்களிப்புக்கு நல்ல பலன் தரும் என்று ஆய்வுகள் உறுதியாகக் காட்டுகின்றன. இறுக்கமான பெல்ட்டும் உள்ளாடையும் உடனே தளர்த்தக்கூடியவை. புகைபிடிப்பது தசையையும் தளர்த்தி உமிழ்நீரையும் குறைப்பதால் இரண்டு பக்கமும் கெடுக்கிறது. அதை விட வேண்டியதுதான்.

மூச்சுப் பயிற்சி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு கையை மார்பிலும் மற்றதை வயிற்றிலும் வையுங்கள். மார்பில் உள்ள கை அசையாமல் வயிற்றில் உள்ள கை மட்டும் முன்னே வரும்படி மூக்கால் மெதுவாக இழுங்கள். இன்னும் மெதுவாக விடுங்கள். தினமும் பத்து நிமிடம். உதரவிதானத்துக்கு நல்ல பயிற்சி.

படி 7: மாத்திரைகளைக் கவனியுங்கள்

ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் அம்லோடிபின், நிஃபெடிபின் வகை மருந்துகள் சிலருக்கு எதுக்களிப்பைக் கூட்டலாம். இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் உறுத்தலைத் தரும். நீங்களாக நிறுத்த வேண்டாம். மருத்துவரிடம் சொல்லி மாற்று உண்டா என்று கேளுங்கள். எந்த மாத்திரையானாலும் ஒரு டம்ளர் தண்ணீரோடு நிமிர்ந்த நிலையில் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருங்கள்.

சமையல் சோடாவைக் கரைத்துக் குடிப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன். அதில் சோடியம் மிக அதிகம். ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்கு ஆபத்து. வயிறு நிறைந்திருக்கும்போது அதிலிருந்து கிளம்பும் வாயு இன்னொரு ஆபத்து.

இவ்வளவுக்குப் பிறகும் வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் எரிச்சல் வந்தால் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். கர்ப்பிணிகள் அவ்வளவு நாள் காத்திருக்காமல் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. ஒமேப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற, அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரை தந்தால் சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு போடுங்கள். சாப்பிட்ட பிறகு போட்டால் முழுப் பலன் கிடைக்காது. மாதக்கணக்கில் போட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால் அமிலம் சில வாரங்களுக்கு முன்னைவிட அதிகமாகச் சுரக்கலாம். அதனால் நிறுத்தும் முறையையும் அவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.