"அவர் கடலுக்குப் போயிருக்கார் தம்பி": போதைக் கணக்கெடுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கணக்கெடுப்பு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளைப் பயிற்சிக்காக, ராமேஸ்வரம் பக்கத்து மீனவர் ஊரான தங்கச்சிமடத்துக்குக் கூட்டிப்போனேன். நாட்டில் எத்தனை பேருக்குப் போதைப் பழக்கம் இருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு அறிவது எப்படி என்று காட்டத்தான். படிவத்தில் கட்டம் மாற்றி டிக் அடிப்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். இரண்டு நாளில் தானே சரியாகிவிடும்.

ஆள் இல்லையென்றால் பக்கத்து வீடு

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வரும். "அவர் கடலுக்குப் போயிருக்கார் தம்பி" என்று அந்த அக்கா சொன்னதும், பையன் பக்கத்து வீட்டுத் திண்ணையில் இருந்த பெரியவரிடம் உட்கார்ந்துவிட்டான். பல வருடம் முன்பு பாம்பனில் நானும் இதையேதான் செய்தேன். இந்தப் பக்கம் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனியில் போகும். நான் போனதும் திங்கள், புதன்தான்! வேலை பார்க்கிற வயதில் ஆண்கள் பாதிப்பேர் ஊரில் இல்லை. மேற்பார்வையாளர் படிவங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் ஒதுக்கிவிட்டார். மூன்று வார உழைப்பு போச்சு.

கேட்க வேண்டியவர்கள் என்று முன்பே தேர்ந்தெடுத்த பட்டியலில் 100 பேர் என்று வையுங்கள். 60 பேரைப் பார்த்ததில் 3 பேர் 'உண்டு' என்றால் 5 சதவீதம். விடுபட்ட 40 பேரில் 8 பேருக்குப் பழக்கம் இருந்தால் உண்மையில் 11 சதவீதம். பக்கத்து வீட்டில் எத்தனை பேரைச் சேர்த்தாலும் இது சரியாகாது. அவர்களும் வீட்டில் இருக்கிறவர்கள்தானே. படகு கடலுக்குப் போகாத நாளில், வலை பார்க்கிற நேரத்தில் போங்கள். மூன்று தடவையாவது போங்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எல்லாரும் இருப்பார்களே என்பீர்கள். சிலர் வெளியூர் வேலைக்குப் போயிருப்பார்கள். அப்புறம், 'கடந்த 30 நாளில்' என்ற கேள்விக்கு வரும் பதிலும் வழக்கமான மாதத்துடையது அல்ல.

வீட்டை மட்டும் நம்புவது

2019இல் வெளிவந்த எய்ம்ஸ் தேசிய ஆய்வு 186 மாவட்டங்களில் 2,00,111 வீடுகளுக்குப் போனது. அப்படியும் ஹெராயின், ஊசிப் பழக்கத்துக்கு அது போதவில்லை. 123 மாவட்டங்களில் ஒருவர் மூலம் அடுத்தவர் என்று 72,642 பேரைத் தனியாகப் பார்த்தார்கள். அவர்களில் எத்தனை பங்கு பேர் சிகிச்சைக்குப் போனார்கள் என்று தெரிந்தால், சிகிச்சை மையப் பதிவிலிருந்து மொத்தத்தைக் கணிக்கலாம். மையத்தில் 100 பேர், கேட்டவர்களில் 5 சதவீதம் பேர் அங்கே போனவர்கள் என்றால், மொத்தம் 2,000.

'எப்போதாவது'வும் 'இப்போது'ம்

அந்த ஆய்வின் கஞ்சாக் கணக்கான 2.8 சதவீதம், பாங்கையும் சேர்த்து, கடந்த 12 மாதத்துக்கானது. வாழ்நாளில் ஒரு தடவையாவது எடுத்தவர்கள் கணக்கோடு ஒப்பிடாதீர்கள்.

மாமியார் முன்னால் கேட்பது

வேண்டாம்.

பிடிபட்ட மூட்டையை எண்ணுவது

இந்தக் கரையில் சிக்கும் கஞ்சா பல நேரம் இலங்கைக்குக் கடத்த வைத்திருந்த சரக்கு. ஊர்க்காரர் புகைத்த கணக்கு அதில் இல்லை.