ஒரே டெக்ஸ்ட் ஃபைலில் மைக்ரோபிளாக்: டேபைக் கவனியுங்கள்

சொந்த சர்வரில் மைக்ரோபிளாக், அதாவது குட்டிக் குட்டிப் பதிவுகள் கொண்ட வலைப்பதிவு, நடத்த டேட்டாபேஸ் எல்லாம் வேண்டாம். 2016-இல் வந்த ட்விட்டெக்ஸ்ட் முறைக்கு ஒரு டெக்ஸ்ட் ஃபைல் போதும். பதிவுக்கு ஒரு வரி: தேதியும் நேரமும், ஒரு டேப் (கீபோர்டின் டேப் கீ போடும் இடைவெளி), பிறகு செய்தி. செய்திக்கு நடுவே என்டர் தட்டக் கூடாது.

சிக்கல் பெரும்பாலும் அந்த டேபில்தான். பல எடிட்டர்கள் டேபுக்குப் பதில் நான்கு ஸ்பேஸ் போட்டுவிடும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. படிக்கும் மென்பொருளோ அந்த வரியைப் பதிவாகவே எடுக்காது. லினக்ஸில் 'கேட்' கட்டளையைப் பெரிய 'டி' ஆப்ஷனோடு (cat -T) ஓட்டுங்கள். டேப் இருக்கும் இடத்தில் கூரைக்குறியும் ஆங்கில 'ஐ' எழுத்தும் (^I) தெரியும். பெரிய 'ஏ' ஆப்ஷன் வேண்டாம், தமிழ் எழுத்துகளைக் குதறிக் காட்டும்.

ஃபைலை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில், பாம் (BOM, ஃபைலின் தொடக்கத்தில் சில எடிட்டர்கள் சேர்க்கும் கண்ணுக்குத் தெரியாத குறி) இல்லாமல் சேமியுங்கள். பாம் இருந்தால் முதல் வரியின் தேதியோடு ஒட்டிக்கொள்ளும். பிரவுசரில் தமிழ் கோணல்மாணலாகத் தெரிந்தால் ஃபைலைக் குறை சொல்லாதீர்கள். உங்கள் வெப் சர்வர் மென்பொருள் எஞ்சின்எக்ஸ் (nginx) என்றால், அதன் அமைப்பில் எழுத்து முறையைச் சொல்லும் 'சார்செட்' (charset) வரி விட்டுப்போயிருக்கும். அதில் யூடிஎஃப்-8 என்று கொடுத்து ரீலோட் செய்யுங்கள்.

ஃபைலை ஸ்கிரிப்ட் வழியாக அனுப்பாமல் நேரடியாக வைப்பதே நல்லது. கடைசியாக மாறிய நேரத்தை சர்வரே சொல்லிவிடும். மாறாத ஃபைலை யாரும் திரும்பத் திரும்ப இறக்க வேண்டியதில்லை.