ஊரை எழுதும்போது நேரும் தவறுகள்: கரிசலை முன்வைத்து

தம் ஊரைக் கதையில் கொண்டுவர விரும்பும் எழுத்தாளர் பலரும் முதலில் செய்யும் தவறு, பேச்சு வழக்கையே ஊராக எண்ணிவிடுவதாகும். உரையாடலில் ‘ஏலே’, ‘வே’ என்று நான்கு விளிகளைச் சேர்த்துவிட்டால் கரிசல் மண்ணின் ஊரான கோவில்பட்டி வந்துவிடும் என்று நம்புகிறார்கள். அந்த உரையாடலைப் பொதுத்தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். கதை எந்த ஊரிலும் நடக்கக்கூடியதாக ஆகிவிட்டால், அதில் ஊர் முதலிலேயே இருந்ததில்லை. கோவில்பட்டிக்கு அருகே இடைசெவல் என்னும் ஒரே சிற்றூரில் பிறந்த எழுத்தாள நண்பர்கள் கி. ராஜநாராயணனும் (கி.ரா.) கு. அழகிரிசாமியும். முன்னவர் கதை சொல்லும் குரலையே கரிசல் பேச்சாக்கிக்கொண்டார். பின்னவர் பெரும்பாலும் எளிய பொதுத்தமிழில் எழுதினார். ஆயினும் இருவரிடமும் அந்த மண் இருக்கிறது.

மண் என்பது அங்கே உருவகம் அன்று. மழை பெய்தால் காலோடு அப்பிக்கொண்டு வரும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் கறுப்பு மண் அது. மானாவாரிப் புஞ்சையில் விதைப்பு வடகிழக்குப் பருவமழையை நம்பி நடக்கிறது. மழை தவறினால் கடன், திருமணம், வெளியூர்ப் பயணம் எல்லாமே திசை மாறுகின்றன. பருத்தி எடுத்து முடித்தபின் பிடுங்கிய காய்ந்த செடியான பருத்திமார் அடுப்புக்கு விறகாகிறது. இந்தத் தொடர்ச்சியை அறியாமல் ‘பருத்திமார்’ என்ற சொல்லை மட்டும் எடுத்துப் பதிப்பது, எனக்கு மிகவும் வருத்தம் தரும் பிழை.

மாவட்டத்தை நிலமாகக் கொள்வது இன்னொரு தவறு. கோவில்பட்டி 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அதனால் தாமிரபரணிக் கரையின் நெல் வயல்காரரும் கரிசல் உழவரான சம்சாரியும் ஒரே ‘நெல்லைத் தமிழ்’ பேசியதாக எழுதிவிடக் கூடாது. ஊருக்குள்ளேயும் பேச்சு ஒன்றன்று. சாதி, தொழில், வயது ஆகியவற்றால் அது மாறும். கரிசலில் வீட்டுக்குள் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசும் குடும்பங்கள் ஏராளம், கி.ரா.வின் குடும்பமும் அத்தகையதே.

வட்டாரச் சொல் வரும் இடமெல்லாம் அதன் பொருளையும் வாக்கியத்துக்குள்ளேயே சொல்லிவிடும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். தன் வீட்டுப் பொருளை எந்தத் தாயும் மகளுக்கு விளக்கிக்கொண்டிருப்பதில்லை. கி.ரா. கரிசல் வட்டாரச் சொற்களுக்கென்று அகராதியைத் தனியே தொகுத்தார், கதையை அகராதியாக்கவில்லை.

ஊரை விட்டு வந்தவர் அதை எழுதத் தகுதியற்றவர் என்னும் கருத்தை நான் ஏற்கவில்லை. நாஞ்சில் நாட்டைக் கதைகளில் எழுதிய நாஞ்சில் நாடன் எழுதத் தொடங்கியதே மும்பையில் பணிபுரிந்த காலத்தில்தான், கி.ரா. தம் பிற்காலத்தைப் புதுச்சேரியில் கழித்து, 2021-இல் அங்கேயே மறைந்தார். வெளியேறியவர் அஞ்ச வேண்டியது, தாம் புறப்பட்ட ஆண்டோடு ஊரும் நின்றுவிட்டதாக எழுதுவதற்கே. கம்பும் பருத்தியும் விளைந்த புஞ்சைகள் பலவற்றில் இன்று மக்காச்சோளம் நிற்கிறது. விதைப்பார் இல்லாத நிலங்களைச் சீமைக்கருவேலம் மூடியிருக்கிறது. புஞ்சை வேலைக்குப் போன வீடுகளிலிருந்து தீப்பெட்டி ஆலைக்குப் போனவர்கள் பலர். இன்று நடக்கும் கதையில் இவற்றை விட்டுவிட்டுக் கம்பங்கொல்லையை மட்டும் வருணிப்பவர், அங்கே இப்போது வாழ்பவர்களைத் தம் கதையிலிருந்து வெளியேற்றிவிடுகிறார்.